ஏறும் முன் முடிச்சைப் பார்க்கக் கேட்டால் அவமரியாதையா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வயது 27. மூன்று மாதத்துக்கு முன் சுவர் ஏறுதலில் லெவல் 1 சான்றிதழ் வாங்கினேன். அதிலிருந்து சனிக்கிழமைதோறும், அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஓர் அண்ணனுடன் உள்ளரங்கச் சுவர் ஏறப் போகிறேன். அவருக்கு ஆறு வருட அனுபவம். ஒருவர் ஏற, மற்றவர் கீழே நின்று கயிறு பிடிப்போம். ஏறும் முன், அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிய முடிச்சை ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டால், "எனக்கே செக்கிங்கா?" என்று சிரித்துவிட்டு ஏறத் தொடங்கிவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு முன், சுவரின் மேல்பாதியில் கை ஓய்ந்துபோய், "ஸ்லாக் எடுங்க, ஸ்லாக் எடுங்க" என்று கத்தினேன். அவர் கயிற்றைத் தளர்த்திவிட்டார். கையை விட்டதும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் விழுந்து, அப்புறம்தான் கயிறு பிடித்தது. அடி எதுவும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து மேலே போனாலே கால் நடுங்குகிறது. தப்பு யாருடையது? அவரிடம் எப்படிப் பேசுவது? இதை ஜிம்காரர்களிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு அடிபடவில்லை என்பதில் நிம்மதி. கயிறு பிடிக்கும் என்று நம்பிக் கையை விட்டீர்கள், அது உடனே பிடிக்கவில்லை. உடம்பு அதை ஞாபகம் வைத்திருப்பதால்தான் கால் நடுங்குகிறது. "பயப்படாதே, ஏறு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அன்று ஏன் விழுந்தோம் என்பது தெளிவாகத் தெரிந்து, அது திரும்ப நடக்காது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த நடுக்கம் போகும். அதனால் அன்று நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

சுவர் ஏறுபவர்கள் பேச்சில் 'ஸ்லாக்' என்ற ஒரு சொல்லே முழு உத்தரவு. "எனக்கு இன்னும் கொஞ்சம் கயிறு விடுங்கள்" என்று அதற்கு அர்த்தம். தொங்கும் கயிற்றை இழுத்து இறுக்கச் சொல்வதற்கு 'டேக்'. நீங்கள் சொல்ல நினைத்தது, "தொளதொளவென்று கிடக்கும் கயிற்றை எடுத்துவிடுங்கள்" என்பது. தமிழாகப் பார்த்தால் உங்கள் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. கை ஓய்ந்து, மூச்சு வாங்க, கீழே பார்த்துக் கத்தும்போது முதல் சொல் ஓங்கி ஒலிக்கும், கடைசிச் சொல் கரைந்துபோகும். பத்து மீட்டர் கீழே, பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் நிற்பவருக்கு 'ஸ்லாக்' மட்டும்தான் கேட்டிருக்கும், அதுவும் இரண்டு தடவை. ஆங்கிலத்திலேயே பேசுபவர்களும் இதில் மாட்டுவார்கள். 'டேக் இன் த ஸ்லாக்' என்று சுவரில் சொல்லவே கூடாது என்று பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். காரணம் இதேதான்.

தப்பு யாருடையது என்று கேட்டீர்கள். என்னென்ன சொற்கள், எதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் தரையில் நிற்கும்போதே பேசிவைத்துக்கொள்ளவில்லை. அது இருவர் தவறும்தான். ஆனாலும் அண்ணன் பங்கு கொஞ்சம் கூடுதல் என்றுதான் சொல்வேன். டாப் ரோப்பில், அதாவது கயிறு மேலே போய்த் திரும்பி வரும் ஏற்றத்தில், ஏறுபவர் ஸ்லாக் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் அபூர்வம். கை நடுங்கத் தொங்கிக்கொண்டிருப்பவர் ஸ்லாக் கேட்டால், ஆறு வருட அனுபவம் உள்ளவருக்கு 'இது பொருந்தவில்லையே' என்று தோன்றியிருக்க வேண்டும். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தாரா? அதை அவரிடம் நீங்கள் கேட்கலாம், தப்பில்லை.

நாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து பேசுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. "விடுங்க" என்று ஒருவர் மேலிருந்து சொன்னால், கயிற்றைத் தளர்த்தவா, ஆளைக் கீழே இறக்கவா, "அதை விடுங்க, பரவாயில்லை" என்கிறாரா? மூன்றுக்கும் அதே சொல். "பிடிங்க" என்றால் கயிற்றை இறுக்கச் சொல்கிறாரா, இருக்கும் நிலையிலேயே நிறுத்தச் சொல்கிறாரா? போதாக்குறைக்குச் சுவரில் கை வைக்கும் இடத்துக்கும் பிடி என்றுதான் சொல்கிறோம். எல்லாவற்றிலும் ஆபத்தான சொல் 'சரி'. நீங்கள் "டேக்" என்று சொல்லி அவர் "சரி" என்றால், அவர் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். கயிறு இறுகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அதனால் என்னிடம் கற்றுக்கொள்ள வரும் தமிழ் பேசுபவர்களுக்கு நான் கொடுப்பது இதுதான். உத்தரவுகளை ஆங்கிலச் சொல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள்: டேக், ஸ்லாக், கீழே இறக்கச் சொல்ல லோயர். ஒவ்வொன்றும் ஒரே சொல், முன்னும் பின்னும் எதுவும் ஒட்டக் கூடாது. "கொஞ்சம் டேக் பண்றீங்களா அண்ணே" என்ற பணிவெல்லாம் தரையில் மட்டும். பதில் மட்டும் தமிழில் இருக்கட்டும்: "பிடிச்சாச்சு." வேலை முடிந்துவிட்டது என்பதை அந்த 'ஆச்சு' சொல்லிவிடுகிறது. கயிற்றை முழுக்க இழுத்து, பிரேக் கையை, அதாவது கயிறு ஓடாமல் தடுத்துப் பிடிக்கும் கையை, கீழே கொண்டுபோன பிறகுதான் அவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்லக் கூடாது.

உத்தரவுக்கு முன்னால் பெயரையும் சொல்லுங்கள். கூட்டமான சனிக்கிழமையில் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் "டேக்" என்று கத்துவார்கள். "அண்ணே" என்று கூப்பிட்டால் பக்கத்துக் கயிற்றுத் தமிழரும் சேர்ந்து திரும்புவார். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயக்கமாக இருந்தால், சுவருக்கு மட்டும் ஒரு சுருக்கப் பெயரைத் தரையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் பேருந்து நடத்துநர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். படியில் பத்துப் பேர் தொங்கி ஆளுக்கொரு குரல் கொடுத்தாலும் ஓட்டுநர் காது அந்த விசிலுக்குத்தான் காத்திருக்கும். ஏறத் தொடங்கும் முன் நீங்கள் லெவல் 1 வகுப்பில் படித்த நான்கு வரியும் அப்படிப்பட்டதுதான். பிலே என்றால் கீழே நின்று கயிறு பிடிப்பது. "ஆன் பிலே?" என்று ஏறுபவர் கேட்கிறார். "பிலே ஆன்" என்று கயிறு பிடிப்பவர் சொல்கிறார். "கிளைம்பிங்." "கிளைம்ப் ஆன்." சான்றிதழ் கைக்கு வந்த மறுவாரமே பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஏதோ பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி. கடைசி வரி காதில் விழாமல் கால் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. பதில் வரவில்லையா, மறுபடி கேளுங்கள். அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்த்து முடிக்கும்வரை நில்லுங்கள்.

அன்றைய விழுதலில் உங்கள் பக்கம் திருத்த வேண்டியதும் ஒன்று உண்டு. "பிடிச்சாச்சு" என்று கேட்ட பிறகும் உடனே கையை விடாதீர்கள். ஒரு கை பிடியிலேயே இருக்க, உடம்பை மெல்ல உட்காருவதுபோல் தாழ்த்துங்கள். ஹார்னஸ், அதாவது இடுப்பிலும் தொடையிலும் கட்டியிருக்கும் பட்டை, இடுப்பை மேல்நோக்கி இழுப்பது தெரியும். அந்த இழுப்பு வந்த பிறகு இரண்டாவது கையை எடுங்கள். சுவரின் உச்சியில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கேதான் ஏறி முடித்த சந்தோஷத்தில் எல்லோரும் சட்டென்று பின்னால் சாய்கிறார்கள். கீழே பாருங்கள், அவர் முகம் உங்களைப் பார்க்கிறதா என்று பாருங்கள், அப்புறம் சாயுங்கள். சில நேரம் கை தானாகவே நழுவிவிடும், அது வேறு. கயிற்றை எப்போதும் தளராமல் வைத்திருக்க வேண்டியது கீழே நிற்பவர் பொறுப்பு.

இனி முடிச்சுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த "எனக்கே செக்கிங்கா?"தான்.

லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஏறுதல் உலகில் இன்றுவரை பேசப்படும் பெயர்களில் ஒருவர். 1993இல், கலிஃபோர்னியாவின் எல் காப்பிட்டான் பாறையில் 'தி நோஸ்' என்ற பாதையைத் தன் கைகால் பலத்தால் மட்டும், கயிற்றை விழாமல் காக்க மட்டுமே வைத்துக்கொண்டு முதன்முதலில் ஏறி முடித்தவர். அதற்கு நான்கு வருடம் முன்பு, 1989 மே மாதம், பிரான்சில் பூக்ஸ் என்ற இடத்தில் அவர் உச்சிவரை ஏறி, இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தார். கயிறு அவரோடு வரவில்லை. கீழே கயிற்றை ஹார்னஸில் நுழைத்திருந்தார். இடையில் பேச்சில் கவனம் போய், முடிச்சைப் போட்டு முடிக்கவில்லை. 20 மீட்டருக்கும் மேல் விழுந்தார். நடுவில் ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். அதே 'தி நோஸ்' பாதையை 1975இல் முதன்முதலாக ஒரே நாளில் ஏறிய மூவரில் ஒருவர் ஜான் லாங். பாறையில் கயிற்றைப் பாதுகாப்பாகக் கட்டுவது எப்படி என்று புத்தகங்களே எழுதியவர். 2012இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உள்ளரங்கச் சுவரில், முழுமையாகப் போடாத முடிச்சு அவிழ்ந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. உங்களைப் போலவே கீழே மெத்தை, மேலே விளக்கு, சுற்றிலும் ஆட்கள் இருந்த இடம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த விஷயத்தில் யானைக்குத்தான் அதிகம் சறுக்குகிறது என்று எனக்குத் தோன்றும். புதியவர் முடிச்சுப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆயிரம் முறை போட்டவருக்குக் கை தானாக ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும். பாதியில் யாராவது கூப்பிட்டால் கை நின்றுவிடும். திரும்பி வரும்போது, போட்டு முடித்த ஞாபகம்தான் இருக்கும். அந்த ஞாபகம் இன்றைய முடிச்சைப் பற்றியதா, நேற்றையதா என்று அவருக்கே தெரியாது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நாம் போடுவது எட்டு வடிவ முடிச்சு. முதலில் ஓர் எட்டு, பிறகு கயிற்றை ஹார்னஸில் நுழைத்து அதே வழியில் திரும்ப இன்னோர் எட்டு. ஒரு நாள் முடிச்சின் முதல் பாதியைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டு வந்த ஒரு சின்னப் பையனின் ஷூவைச் சரிசெய்யக் குனிந்தேன். எழுந்து நேராகச் சுவரில் கை வைத்துவிட்டேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த பதினான்கு வயதுப் பெண்தான் அன்று எனக்குக் கயிறு பிடித்தாள். "சார், ஒரு நிமிஷம்" என்று கிட்டே வந்து, என் டீ-ஷர்ட்டின் கீழ் விளிம்பைத் தூக்கிப் பார்த்து, "சார், எட்டு ஒண்ணுதான் இருக்கு" என்றாள். அவள் என்னை அவமதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை, அது வேறு விஷயம்.

அண்ணனிடம் இதை இப்படிப் போய்ச் சொல்லிப் பாருங்கள். முதலில் அவர் முடிச்சைப் பற்றிப் பேசவே வேண்டாம். நீங்கள் ஏறும் முறை வரும்போது நேராக அவர் முன்னால் போய் நின்று, "அண்ணே, என்னைப் பாருங்க" என்று ஹார்னஸைக் காட்டுங்கள். அவர் பார்ப்பார், யாரும் அதை மறுப்பதில்லை. அப்புறம் அவர் ஹார்னஸில் மாட்டியிருக்கும், கயிற்றைப் பிடிக்கும் கருவியைத் தொட்டு, "இப்ப நான் உங்க பக்கம் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே பாருங்கள். இரண்டு வாரம் இப்படிப் போனால், அவர் ஏறும்போதும் அதே வரிசை தானாக வந்து நிற்கும். அப்போதும் சிரித்தால், இதைச் சொல்லுங்கள்: "உங்க முடிச்சு அவிழ்ந்தா நான் கயிறு எவ்வளவு கெட்டியா பிடிச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்லண்ணே. நான் வெறும் கயிறைப் பிடிச்சிட்டு நிப்பேன்." அவர் விழுவதைக் கீழே நின்று பார்க்கப்போவது நீங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பார்ப்பதென்றால் தூரத்திலிருந்து ஒரு பார்வை போதாது. கையால் தொட்டு, வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். ஹார்னஸ் இடுப்பு எலும்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இழுத்தால் நழுவுகிறதா என்று பாருங்கள். பக்கிளில் விரல் வையுங்கள். பிறகு கயிறு. அது இடுப்புப் பட்டையின் முன்வளையம், தொடைப் பட்டைகள் சேரும் வளையம் என்று இரண்டுக்குள்ளும் போயிருக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றை விட்டுவிடுபவர்கள் உண்டு. பக்கவாட்டில் தொங்கும் சின்ன வளையங்களில் கயிறு மாட்டியிருந்தால் உடனே நிறுத்துங்கள். அவை பொருள் தொங்கவிட மட்டும், ஆளைத் தாங்காது. அடுத்து எட்டு முடிச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சரியாகப் போட்டிருந்தால் எங்கே பார்த்தாலும் கயிறு இரட்டை இரட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். விரலை வைத்து எண்ணுங்கள்: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து. ஐந்து ஜோடி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு சுற்று விட்டுப்போயிருக்கிறது. மிச்ச வால் ஒரு கையகலத்துக்காவது நீண்டிருக்க வேண்டும். சட்டை முடிச்சை மூடியிருந்தால் தூக்கித்தான் பார்க்க வேண்டும். கூச்சமாக இருந்தால் சட்டையை ஹார்னஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

சில ஜிம்களில் முடிச்சை முன்பே போட்டு, மாட்டிக்கொள்ள இரண்டு கேரபினர், அதாவது திறந்து மூடும் உலோகக் கொக்கி, கொடுப்பார்கள். அங்கே இரண்டும் எதிரெதிர்த் திசையில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கயிறு பிடிப்பவர் பக்கம், கருவியை ஹார்னஸோடு இணைக்கும் கேரபினரில், பூட்டும் திருகைத் தொட்டால் மட்டும் போதாது, திறக்கும் பக்கமான வாயைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். திறக்கக் கூடாது. கேரபினரின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும், ஒருமுறை படித்துப் பாருங்கள். வாய் மூடியிருக்கும்போது நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 டன் எடையைத் தாங்கும். அதே கேரபினர் வாய் திறந்திருந்தால் தாங்குவது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். அந்தத் திருகுக்கு அவ்வளவு மதிப்பு.

உங்கள் ஜிம்மில் கயிறு பிடிக்க கிரிகிரி என்ற கருவி கொடுத்தால், அதன் மேல் ஏறும் மனிதன் படமும் கைப் படமும் இருக்கும். ஏறுபவர் பக்கக் கயிறு மனிதன் பக்கத்திலும், பிரேக் கயிறு கைப் பக்கத்திலும் வர வேண்டும். மாறிப்போனால் கருவி பூட்டாது. படத்தைப் பார்த்த பிறகும் ஏறுபவர் பக்கக் கயிற்றை வெடுக்கென்று ஒருமுறை இழுங்கள். கருவி பூட்டிக்கொண்டு அவர் இடுப்பு முன்னால் இழுபட வேண்டும். இந்த ஒரு இழுப்பில் இன்னொன்றும் தெரிந்துவிடும். நீங்கள் கட்டியிருப்பதும் அவர் பிடித்திருப்பதும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்தானா என்பது. அடுத்தடுத்துக் கயிறுகள் தொங்கும் சுவரில் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நடக்கத்தான் செய்கிறது.

கிரிகிரி 1991இலிருந்து இருக்கிறது, நல்ல கருவி. ஆனால் அது தானாகப் பிடிக்கும் என்று நினைத்துப் பிரேக் கையை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது உதவி செய்யும் கருவி, பிடிப்பது உங்கள் கைதான். இறக்கும்போது பயந்துவிட்டால் மனிதக் கை இயல்பாக இறுகும். ஆளை இறக்குவதற்காக அதில் உள்ள நெம்புகோலைப் பிடித்திருக்கும் கை இறுகினால் கருவி இன்னும் திறக்கும், ஆள் இன்னும் வேகமாக விழுவார். வேகம் கூடினால் முதலில் நெம்புகோலை விட்டுவிட வேண்டும். இதை நீங்கள் இரண்டு பேரும் தாழ்வான உயரத்தில் வேண்டுமென்றே பழகிப் பாருங்கள்.

நீங்கள் விழுந்தது ஓர் ஆள் உயரத்துக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பங்கு கயிற்றின் நீட்சி. ஏறுதலுக்கான கயிறு அதிர்ச்சியை வாங்குவதற்காக நீளும்படி செய்தது. 80 கிலோ எடையைத் தொங்கவிட்டால் பத்தில் ஒரு பங்குவரை நீளலாம் என்று ஐரோப்பியத் தரம் அனுமதிக்கிறது. 12 மீட்டர் சுவரில் நீங்கள் தரையிலிருந்து 2 மீட்டரில் நிற்கும்போது உங்களுக்கும் அவருக்கும் இடையில் 20 மீட்டருக்கு மேல் கயிறு ஓடுகிறது. மேலே கம்பியில் உராய்வதால் முழு நீட்சியும் வராது, இருந்தாலும் கால் தரையில் இடிக்கப் போதும். அதனால் முதல் சில மீட்டர்களில் கயிறு மிகவும் இறுக்கமாக இருக்கும்படி அவரிடம் கேளுங்கள். உச்சிக்குப் போகப் போக நீட்சி குறையும். உயரமான இடம்தான் ஆபத்து என்று புதியவர்கள் நினைக்கிறார்கள், கயிற்றின் கணக்கு அப்படி இல்லை.

ஜிம்காரர்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். அண்ணன்மேல் புகாராக இல்லாமல், "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்களுக்குள்ள சொல் குழப்பத்துல இப்படி ஆச்சு, ஒரு தடவை எங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். அங்கே இருக்கும் பயிற்சியாளர் பத்து நிமிடம் உங்கள் இருவரையும் பார்த்தாலே போதும். மூன்றாவது ஆள் ஒருவர் அண்ணனுக்கும் சொல்லிவிட்டால் உங்கள் தயக்கமும் குறையும். இவ்வளவுக்குப் பிறகும் அவர் முடிச்சைக் காட்ட மறுத்தால், அவருக்கு நீங்கள் கயிறு பிடிக்காதீர்கள். வருத்தம் வந்தால் வரட்டும், அலுவலகத்தில் அண்ணன் தங்கையாகவே இருங்கள். சுவருக்கு வேறு துணை தேடிக்கொள்ளலாம்.

துணை கிடைக்கும்வரை ஆட்டோ பிலே, அதாவது ஆளுக்குப் பதில் இயந்திரமே கயிறு பிடிப்பது, இருக்கிறதே என்று தோன்றும். அங்கே முடிச்சும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அதனாலேயே அதில் நடக்கும் பெரிய விபத்து, கொக்கியை மாட்டாமலே ஏறிவிடுவது. மாட்டிய பிறகு கயிற்றை ஒருமுறை கீழே இழுத்து, அது தானாக மேலே சுருள்வதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பிடியில் கை வைக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பெரிய ஏற்றம் எதுவும் வேண்டாம். எளிதான பாதை ஒன்றில் இரண்டு மீட்டர் மட்டும் ஏறுங்கள். அவர் பெயரைச் சொல்லி, "டேக்." "பிடிச்சாச்சு" கேட்கும்வரை நில்லுங்கள். மெல்ல உட்காருங்கள், இடுப்பில் இழுப்பு வந்ததும் இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா தொங்குங்கள். "லோயர்" சொல்லி இறங்குங்கள். அடுத்து நான்கு மீட்டர், பிறகு ஆறு, ஒவ்வொன்றிலும் அதே வரிசை. எந்த உயரத்தில் கால் மறுபடி நடுங்குகிறதோ, அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு இடம் மாறி, அவருக்கு நீங்கள் கயிறு பிடியுங்கள். அவர் சுவருக்குப் போகும் முன் முடிச்சைக் கையில் எடுத்து, அவர் காதில் விழும்படி பத்துவரை எண்ணுங்கள்.